அமல்ராணி கத்திரி

என் மனைவி அமல்ராணியின் நிலத்துக்கும் என் தம்பி மனைவி கிளாராவின் நிலத்துக்கும் நடுவில் ஒரு வரப்பு இருக்கிறது. பாகம் பிரித்தபோது அந்த வரப்பைப் போட்டவன் நான்தான். ஒரு ஆள் உயரத்துக்குப் போட்டிருக்கலாம் என்று இந்த வருஷம் முழுக்க நினைத்துக்கொண்டேன். போட்டிருந்தால் என் வீட்டில் வேளைக்குச் சோறு கிடைத்திருக்கும்.

காணையிலிருந்து கெடார் போகிற வழியில், ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி எங்கள் ஊர். சுற்றிலும் கரும்பும் நெல்லும்தான். எங்கள் ஊர்க்காரர்கள் மட்டும் காய்கறிக்காரர்கள். நான் குட்டியானை வண்டி ஓட்டுகிறேன். ஊர்க் காய்களை விழுப்புரம் மார்க்கெட்டுக்கு ஏற்றிப் போவது என் பிழைப்பு. பயிரைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது என்று அமல்ராணி சொல்லுவாள். அவள் சொன்னால் நான் மறுத்துப் பேசுவதில்லை.

அவளுடையது முள்ளுக் கத்திரி. காம்பில், இலையில், தண்டில் எல்லாம் முள். பறிக்கிறவர்கள் கையில் துணி சுற்றிக்கொண்டுதான் பறிக்க வேண்டும். ஆனால் குழம்பில் போட்டால் வெண்ணெய்தான். மார்க்கெட்டில் மூட்டையை இறக்கும்போதே, "அமல்ராணி கத்திரியா?" என்று கேட்பார்கள். அவளை நேரில் பார்த்தவர்கள் அங்கே ஒருவரும் கிடையாது. கல்யாணச் சமையல்காரர்கள்கூட அந்தப் பேரைச் சொல்லித்தான் வாங்குவார்கள். ஆன்டனி என்று எனக்கும் ஒரு பேர் இருக்கிறது. மார்க்கெட்டில் நான் 'அமல்ராணி வண்டி'.

போன வருஷம் வாடல் நோய் வந்தது. காலையில் நிமிர்ந்து நின்ற செடி சாயங்காலம் தலை தொங்கிவிடும். பிடுங்கிப் பார்த்தால் வேர் அழுகியிருக்கும். அவள் தோட்டம் மொத்தமும் போனது. அவள் அழவில்லை. வரப்பில் நின்று அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கத்தில் கிளாரா சோதனைக்காக நட்டிருந்த ஒட்டுக் கத்திரி மட்டும் ஒன்றும் ஆகாமல் பச்சைப் பசேல் என்று நின்றது.

ஒட்டுக் கத்திரி என்றால் வேர் சுண்டைக்காய்ச் செடியுடையது, மேல்பாகம் கத்திரி. இரண்டையும் நாற்றிலேயே வெட்டி இணைத்து ஒட்டுப் போட்டுவிடுகிறார்கள். சுண்டைக்காய் வேரை வாடல் நோய் அண்டாதாம். என் தம்பி வளன் குவைத்தில் இருக்கிறான். கிளாரா தனியாளாகப் பயிர் வைக்கிறவள். செல்போனில் பார்த்து, பயிற்சிக்குப் போய், கேள்வி கேட்டு, ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டாள். அமல்ராணியைப் பொறுத்தவரை அது ஒன்றுதான் கிளாரா செய்த பெரிய பாவம்.

சென்னைக்குக் காய் அனுப்பும் ஒரு கம்பெனி திண்டிவனத்தில் கொள்முதல் மையம் திறந்தது அப்போதுதான். அதன் அலுவலர் குமரேசன் எங்கள் ஊருக்கு வந்து விஷயத்தைச் சொன்னார். இனிமேல் பட்டணத்தில் யாரும் கூடையில் கிளறிக் காய் பொறுக்கப் போவதில்லை, போனில் சொல்லி வீட்டுக்கே வரவழைக்கிறார்கள், அவர்களுக்கு எல்லாக் காயும் ஒரே அளவில், வருஷம் முழுக்க வேண்டும் என்றார். ஊருக்கு ஒரு தோட்டத்தைத் தேர்ந்தெடுப்பார்களாம். அந்தத் தோட்டத்தில் ஷெட் போட்டு, மற்றவர்கள் காயை அங்கே கொண்டுவந்து கொடுக்க வேண்டும். லோடு அந்தத் தோட்டத்துக்காரர் பேரில் போகும். கிளாராவும் அமல்ராணியும் ஒரே நேரத்தில் ஒட்டு நாற்று நடட்டும், ஈஸ்டர் கழித்து வந்து பார்த்து ஒருவரை முடிவு செய்கிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றைக்கு அடுப்படியில் அமல்ராணி என்னைப் பார்த்துக் கேட்டாள். "எங்கூடைய நானே தூக்கிக்கினு போயி அவ ஷெட்டுல எறக்கி வெச்சிட்டு, அவ எட போட்ற வரைக்கும் கையக் கட்டிக்கினு நிக்கணுமா? எங்கத்திரிக்கா அவ பேர்ல போவணுமா?"

அவள் கேட்டது என்னையல்ல, அடுப்பை என்று எடுத்துக்கொண்டேன்.

நாற்று கொடுப்பதற்கு முன்னால் திண்டிவனத்தில் ஒரு கூட்டம் போட்டார்கள். இரண்டு பேரையும் நான்தான் வண்டியில் ஏற்றிப் போனேன். முன்சீட்டில் என் பக்கத்தில் அமல்ராணி, அவளை அடுத்து ஜன்னலோரம் கிளாரா. விக்கிரவாண்டி தாண்டும்வரை கியர் போடுகிற சத்தம் ஒன்றுதான் வண்டிக்குள் கேட்டது.

கூட்டத்தில் குமரேசன் கொஞ்ச நேரம் பேசினார். அமல்ராணி கவனமாகத்தான் கேட்டாள். அதற்குப் பிறகு, ஒட்டுச் செடியை எப்படி வளர்ப்பது என்று ஏற்கெனவே வளர்த்த விவசாயி ஒருவரே சொல்லுவார் என்று சொல்லிக் கிளாராவை மேடைக்குக் கூப்பிட்டார். கிளாரா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினாள். மைக்கைக் கையில் வாங்கினாள். கூட்டம் கைதட்டியது.

அமல்ராணி எழுந்துவிட்டாள். தலை வலிக்கிறது, டீ குடிக்க வேண்டும் என்றாள். என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தாள். எதிர்க் கடையில் டீ வாங்கிக் கொடுத்தேன். மேடைப் பேச்சு ஒலிபெருக்கியில் தெருவரைக்கும் வந்தது. வார்த்தை புரியாத தூரத்துக்கு நடந்து போய் நின்று அந்த டீயைக் குடித்தாள். கிளாரா பேசி முடித்துக் கைதட்டல் கேட்ட பிறகுதான் தலைவலி விட்டது.

கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு இரண்டு பக்கமும் நடவு நடந்தது. கிளாரா பாத்தி முழுக்க நிலப்போர்வை என்கிற பிளாஸ்டிக் தாளை விரித்து, அதில் ஓட்டை போட்டு மேலாக்க நட்டாள். அமல்ராணி வரப்பில் நின்று பார்த்துவிட்டு, செடிக்குப் பாவாடை கட்டிவிட்டிருக்கிறாள் என்று என்னிடம் சொல்லிச் சிரித்தாள். அவள் தன் வழக்கப்படி ஆழமாக நட்டாள். செடி பிடித்ததும் மண்வெட்டியை எடுத்து இரண்டு பக்கமும் மண் அணைத்தாள். அவள் மண் அணைக்கிற அழகை ஊரே சொல்லும். எத்தனை பெரிய காற்றடித்தாலும் அவள் செடி சாயாது. அந்த ஒட்டுப் போட்ட இடம் மண்ணுக்குள் போய்விட்டது. அதனால் என்ன ஆகும் என்று எனக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய நேரத்தில் நாங்கள் டீ குடித்துக்கொண்டிருந்தோம்.

கொஞ்ச நாளில் அடியிலிருந்து புதுத் துளிர்கள் கிளம்பின. நல்ல கொழுத்த துளிர்கள், தண்டெல்லாம் முள். அமல்ராணி என்னைத் தோட்டத்துக்குக் கூட்டிப் போய்க் காட்டினாள். கம்பெனிக்காரன் கொடுத்தது முள் இல்லாத கத்திரிதான், தன் மண்ணில் நின்றதும் அதற்கும் முள் வந்துவிட்டது பார் என்றாள். அவள் முகத்தில் அத்தனை சந்தோஷத்தை நான் ரொம்ப நாள் கழித்துப் பார்த்தேன். பழைய தண்டு ஒல்லியாக, சோனியாக இருந்தது. நோஞ்சானை வைத்துக்கொண்டு கொழுத்ததைப் பட்டினி போடக் கூடாது என்று சொல்லிப் பழைய தண்டையெல்லாம் அவளே ஒடித்து எறிந்தாள். வேர்தான் சுண்டைக்காய், மண்ணுக்கு மேலே வருகிறதெல்லாம் கத்திரி. அவள் கணக்கு அவ்வளவுதான்.

அந்தப் பக்கம் கிளாரா தினமும் குனிந்து அடித்துளிர்களைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். அதற்கும் அமல்ராணிக்குச் சிரிப்புதான்.

"வர்ற துளிர எல்லாம் கிள்ளிக்கினு கீறா பாருங்க. செடி எப்படித் தழையும்? மைக்க புடிச்சா போதுமா?"

மாசி பிறந்தபோது எங்கள் தோட்டம் இடுப்பு உயரம் வந்துவிட்டது, கிளாராவுடையது முழங்காலைத் தாண்டவில்லை. அமல்ராணி காரணமே இல்லாமல் வரப்பில் நடந்தாள். புதுச் சேலை கட்டிக்கொண்டு தண்ணீர் பாய்ச்சினாள். தவக்காலத்துக்காக மீனையும் கறியையும் விட்டாள். வரப்பை மட்டும் அவளால் விட முடியவில்லை.

ஆனால் கிளாராவின் குட்டைச் செடி ஊதாப் பூ பூத்தது. பிறகு காய்த்தது. ஒரே அளவில், ஒரே நிறத்தில், பளபளவென்று, படம் வரைந்த மாதிரி காய்த்தது. அமல்ராணியின் செடி இன்னும் மேலே மேலே போய்க்கொண்டிருந்தது. இலை அகலமாக, வெளிறிப்போய், ஓரம் வெட்டு வெட்டாக வந்தது. நான் ஒரு நாள் வாய் தவறி, இது சுண்டைக்காய் இலை மாதிரி இருக்கிறதே என்று சொல்லிவிட்டேன்.

"வண்டி ஓட்றது ஒங்க வேல. அதப் பாருங்க," என்றாள். அன்றைக்கு ரசம்கூடக் கிடைக்கவில்லை.

கத்திரியிலேயே பிறந்து வளர்ந்தவளுக்கு அது தெரியாதா என்று நீங்கள் கேட்கலாம். அவள் தன் செடியைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அவள் கண் முழுக்க வரப்புக்கு அந்தப் பக்கம் இருந்தது. கிளாராவிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்பதற்குப் பதிலாக நாக்கைப் பிடுங்கிக்கொள்வாள் என்பது எனக்குத் தெரியும்.

எங்கள் ஊர்க் கோயிலில் முதல் காய்ப்பைப் பலிபீடத்தின் முன்னால் வைத்து, ஞாயிறு பூசை முடிந்ததும் வெளியே ஏலம் விடுவது வழக்கம். குருத்தோலை ஞாயிறு அன்று கிளாரா ஒரு கூடை கத்திரி கொண்டுவந்து வைத்தாள். ஏலம் விடுகிற உபதேசியார் தொம்மைக்கு வயதாகிவிட்டது. கூடையைத் தூக்கிப் பிடித்து, எத்தனையோ வருஷப் பழக்கத்தில், "அமல்ராணி கத்திரி! யாரு கேக்குறீங்க?" என்று கூவிவிட்டார்.

கூட்டம் சிரித்தது. யாரோ, கிளாராவுடையது என்று எடுத்துச் சொன்னார்கள். உபதேசியாரும் சிரித்துக்கொண்டே, கிளாரா கத்திரி என்று திருத்திக் கூவினார்.

அந்த வார்த்தை ஊரில் முதல் தடவையாகக் காதில் விழுந்தது அன்றைக்குத்தான். அமல்ராணி குருத்தோலையை முறுக்கி முறுக்கி நாராக்கிவிட்டாள். நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்ததால் கிளாராவைச் சரியாகக் கவனிக்கவில்லை. அவளும் சிரிக்கவில்லை என்பது மட்டும் இப்போது ஞாபகம் வருகிறது. கூடை நல்ல விலைக்குப் போனது. காலிக் கூடையைத் திரும்ப வாங்கக்கூட நிற்காமல் கிளாரா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு எங்கள் தோட்டம் கொத்துக் கொத்தாக வெள்ளைப் பூ பூத்தது. அமல்ராணி வரப்பில் நடப்பதை நிறுத்தினாள். தோட்டத்தைப் பற்றி என்னிடம் பேசுவதையும் நிறுத்தினாள். இரண்டு வாய்க்கு மேல் சோறு இறங்கவில்லை. இந்த வகை பின்காய்ப்பு வகை, மெதுவாகத்தான் பிடிக்கும் என்று ஒரு நாள் அவளாகவே சொன்னாள். நான் ஆமாம் என்றேன். முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய் ரத்தம் சோதித்துப் பார்க்கலாமா என்று கேட்டேன். தனக்கு ஒரு பேஜாரும் இல்லை என்று எரிந்து விழுந்தாள்.

ஈஸ்டர் முடிந்து குமரேசன் வந்தார். முதலில் கிளாரா தோட்டத்தைப் பார்த்தார். பிறகு வரப்பு ஏறி எங்கள் பக்கம் வந்தார். கிளாராவும் அவர் பின்னால் வந்து வரப்போடு நின்றுகொண்டாள். அமல்ராணி தோட்டத்து நடுவில் நின்றிருந்தாள். செடி அவள் தோள் உயரம் இருந்தது.

குமரேசன் ஒரு கிளையைப் பிடித்து வளைத்தார். கொத்தாகப் பச்சைக் குண்டுகள். ஒன்றைக் கிள்ளி நசுக்கிப் பார்த்தார். இன்னொரு செடிக்குப் போனார். இன்னொன்றுக்கும் போனார். நல்ல மனுஷன்; எப்படிச் சொல்வது என்று தெரியாமல் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார்.

"அம்மா, இது சுண்டைக்காம்மா. தோட்டம் பூரா சுண்டைக்கா. ஒட்டு மண்ணுக்கு மேல இருக்கணும், ஒட்டுக்குக் கீழ வர்ற துளிர எல்லாம் கிள்ளிடணும்னு மீட்டிங்ல சொன்னாங்களேம்மா. கிளாரா அக்காதான் மைக்ல சொன்னாங்க."

எனக்கு அந்த டீயின் ருசி தொண்டையில் வந்து நின்றது.

அமல்ராணி அவரைப் பார்க்கவில்லை. நேராக வரப்பைப் பார்த்தாள்.

"ஒனக்குத் தெரியுமா?"

கிளாரா தலையைக் குனியவில்லை. "தெரியும்க்கா," என்றாள். "தண்ட ஒடிச்சிப் போட்டீங்களே, அன்னிக்கே தெரியும்."

"ஏன்டி சொல்லல?"

கிளாரா சேலைத் தலைப்பைக் கையில் சுற்றினாள். குமரேசன் இருப்பதையோ நான் இருப்பதையோ அவள் கண்டுகொண்டதாகத் தெரியவில்லை.

"இந்த ஊட்டுக்கு வாக்கப்பட்டு வந்த நாள்லருந்து ஒங்க பேர்தான்க்கா கேட்டுக்கினு கீறேன். நான் எந்தக் காய வெளைய வெச்சாலும் அமல்ராணி கத்திரி மாதிரி வருமான்றாங்க. கோயில்ல எங்கூடையத் தூக்கிக்கினு ஒங்க பேரச் சொல்றாங்க. அவரு குவைத்துலருந்து போன் பண்ணா, என்னக் கேக்கறதுக்கு முன்னாடி அண்ணி கத்திரி வத்தல் போட்டாங்களா, அனுப்புன்றாரு. வருஷா வருஷம் ஒங்ககிட்ட வந்து வாங்கிக்கினு போவனே, அது எனக்குன்னா நெனச்சீங்க? வயிறு எரியும்க்கா. ஒரே ஒரு போகம் ஒங்க பேரு காதுல விழாம இருக்கணும்னு நெனச்சேன். அதான் சொல்லல."

சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தாள். குமரேசன் வண்டியில் ஏதோ எடுக்க வேண்டும் என்று முனகிக்கொண்டு நழுவினார். மண்வெட்டி அமல்ராணி கைக்குப் போய்விடக் கூடாது என்று நான் அதைத் தேடி எடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன்.

அமல்ராணி கிளாராவை மேலும் கீழும் பார்த்தாள், புதிதாக யாரையோ பார்க்கிற மாதிரி. பிறகு செடிகளை விலக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். நான் பின்னாலேயே ஓடினேன். வீட்டில் அடுப்பைப் பற்றவைத்தாள். சோறு வடித்து, குழம்பு வைத்து, அப்பளம் பொரித்தாள். எனக்குப் போட்டாள், தனக்கும் போட்டுக்கொண்டாள். இரண்டாம் தடவையும் போட்டுக்கொண்டாள். எத்தனையோ வாரங்களாகக் கொத்திக் கொத்தி எழுந்தவள் தட்டை வழித்துச் சாப்பிட்டாள்.

"இன்னா சொன்னா அவ? வயிறு எரியும்னா?"

"ஆமா."

"எம்மேலயா?"

"உம்மேலதான்."

"இன்னொரு வாட்டி சொல்லுங்க."

சொன்னேன். மொத்தத்தையும் முதலிலிருந்து சொல்லச் சொன்னாள். கோயில் கூடைக்கு வந்தபோது புரை ஏறுகிற அளவுக்குச் சிரித்தாள். ஷெட் கிளாராவுக்குத்தான் என்று குமரேசன் போன் பண்ணிச் சொன்னபோதும் அவள் முகம் மாறவில்லை. அடுத்த போகத்துக்கு ஒட்டு நாற்று வாங்கி, ஒட்டு தெரிகிற மாதிரி நட்டு, அடித்துளிரைக் கிள்ளி, தன் கூடையைத் தானே தூக்கிக்கொண்டு போய்க் கிளாராவின் ஷெட்டில் இறக்கப் போகிறாளாம். கம்பெனிக்காரன் எல்லாக் கூடைக்கும் முன்னால் அவள் கூடையைக் கேட்பானாம். அதைக் கிளாரா நின்று பார்ப்பாளாம். இதைச் சொல்லிக்கொண்டே எனக்கு மோர் ஊற்றினாள். தோட்டம் போனது, போகம் போனது, ஷெட் போனது. இவளோ கல்யாணப் பெண் மாதிரி இருந்தாள்.

சுண்டைக்காயை வீணாக்கவில்லை. மோரில் ஊறவைத்து மொட்டைமாடி முழுக்கக் காயப்போட்டாள். அதில் நல்லதாகப் பொறுக்கி ஒரு கவரில் கட்டி என்னிடம் கொடுத்தாள்.

"கிளாராகிட்ட குடுங்க. குவைத்துக்கு யாராச்சும் போனா கொழுந்தனாருக்கு அனுப்பச் சொல்லுங்க. அண்ணி போட்ட வத்தல்னு மறக்காம சொல்லச் சொல்லுங்க."

கவரை முன்சீட்டில் வைத்துக்கொண்டு வண்டியை எடுத்தேன். இரண்டு தெரு தள்ளி இருக்கிற வீடுதான். போகிற வழியில் ஒரு விஷயம் மெதுவாக உறைத்தது. என் தம்பி இத்தனை வருஷமாக என் பெண்டாட்டி கைவற்றலைக் கேட்டு வாங்கியிருக்கிறான். என்னிடம் வாரா வாரம் போனில் பேசுகிறவன், மழை பெய்ததா என்று கேட்பான், வண்டிக்கு டயர் மாற்றினாயா என்று கேட்பான். வற்றலைப் பற்றி ஒரு நாளும் என்னிடம் பேசியதில்லை. எனக்கு அமல்ராணி வற்றல் பொரித்துப் போட்டதை நினைத்துப் பார்த்தேன். உடைந்ததும் தூளும்தான் என் தட்டில் விழும். நல்லதெல்லாம் எங்கே போகிறது என்று நான் கேட்டதே இல்லை.

கிளாரா வாசலுக்கு வந்து கவரை வாங்கினாள். பிரித்து முகர்ந்தாள். "அக்கா கையே கை மாமா," என்றாள். சொல்லும்போதே அவள் முகம் சுண்டிப்போனது.

அண்ணி போட்டது என்று அமல்ராணி சொல்லச் சொன்னதை நான் அவளிடம் சொல்லவில்லை. வண்டியைத் திருப்புவதற்காகக் கண்ணாடியைப் பார்த்தேன். அதில் தெரிந்தது என் மூஞ்சிதான். தவக்காலம் முழுக்க என் வீட்டு அடுப்படியில் நான் பார்த்து மனசுக்குள் சிரித்த அமல்ராணியின் மூஞ்சியும் அதுதான்.